ஏரிக்கரை இறக்கத்தில் நிறுத்திய எஞ்சின்

யுத்தம் முடிந்த மறுவருஷம் மாசி மாதம் திருக்கனூரிலிருந்து புதுச்சேரிக்குப் போனேன். என் தங்கை செல்லம் புருஷனோடு சைகோனுக்குக் கப்பலேறுகிறாள். பன்னிரண்டு மணிக்குள், கப்பலுக்குப் படகேறும் கடல் பாலத்துக்குப் போனால்தான் அவளைப் பார்க்கலாம். மறுபடி எப்போது வருவாளோ, யாருக்குத் தெரியும்? அவளுக்குப் பிடித்த வறுத்த மல்லாட்டைக் கடலை ஒரு பொட்டலம் கையில் இருந்தது.

பெட்ரோல் இல்லையென்று காலை பஸ் வரவில்லை. எட்டு மணிக்கு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கிளம்பியது. எட்டணா வாங்கிக்கொண்டு டிரைவர் தணிகாசலம் பக்கத்தில் இடம் கொடுத்தார். பதினாறு மைல்தானே, பத்து மணிக்கே இறக்கிவிடுகிறேன் என்றார்.

பெட்ரோலை அளந்து கொடுத்த கண்ட்ரோல் காலம். மனுஷன் பெட்ரோலை உயிராகப் பார்த்தார். வண்டி நகர்ந்ததுமே இரண்டாவது கியர், எஞ்சின் கத்துமுன் மூன்றாவது, பிறகு டாப்பில் போட்டுக் காலை ஆக்சிலேட்டரில் பட்டும் படாமல் வைத்துக்கொள்வார். மேடு வருமுன்பே வேகமெடுத்துவிடுவார். சுங்கச் சாவடிக்குத் தூரத்திலிருந்தே மெல்ல உருட்டிக்கொண்டு வருவார், தடுப்பைத் தூக்கும்வரை வண்டி நிற்கவே நிற்காது. நின்றால் மறுபடி முதல் கியர் போட வேண்டுமே! அதைப் பார்த்துக்கொண்டே என் அவசரத்தை மறந்தேன்.

ஊசுடு ஏரிக்கரையில் இறங்கும்போது எஞ்சினையே நிறுத்திவிட்டார். எதற்கு என்றேன்.

"சும்மா ஓடுற வண்டிக்கு இன்னாத்துக்கு பெட்ரோலு? கீழ போயி கியர்ல போட்டா தானா புடிச்சிக்கும்ணே."

அங்கே எல்லா லாரிக்காரர்களும் அப்படித்தானாம்.

கீழே ஒரு கரும்பு வண்டி அச்சு முறிந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. பிரேக்கை மிதித்தார், லாரி நின்றது. ஓட்டமில்லாமல் கியர் எங்கே பிடிக்கும்? ஹேண்டில் போட்டு மாறி மாறிச் சுற்றினோம். வயலிலிருந்த ஆட்கள் வந்து கரும்பு வண்டியை ஒதுக்கிவிட்டு லாரியைத் தள்ளினார்கள். எஞ்சின் இருமியதோடு சரி. வில்லியனூரிலிருந்து மெக்கானிக் வந்து அதற்கு உயிர் கொடுத்தபோது மணி பன்னிரண்டு.

அதற்கப்புறம் தணிகாசலம் சிக்கனம் பார்க்கவில்லை. எஞ்சின் அலற அலற ஓட்டினார். மூட்டை இறக்க வேண்டிய கிடங்கையும் தாண்டி நேரே கடற்கரைக்கே விட்டார். ஆட்களைக் கப்பலில் ஏற்றிவிட்டுப் படகுகள் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

"ரெண்டு சொட்டுக்கு ஆசப்பட்டு, உங்க தங்கச்சிய பாக்க வுடாம பண்ணிட்டேனேண்ணே" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மல்லாட்டைப் பொட்டலம் என் கையிலேயே இருந்தது.

இந்த வழியில் லாரி ஓட்டுகிறவர்களே, தணிகாசலம் கியர் போட்ட விதமெல்லாம் சரிதான், தாராளமாகப் பின்பற்றுங்கள். இறக்கத்தில் எஞ்சினை மட்டும் நிறுத்தாதீர்கள். கப்பலுக்கு வழியனுப்பப் போகிறவர்கள் முதல்நாளே போய்ச் சேருங்கள்.

கடைசிப் படகு கிளம்பும்வரை செல்லம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று அவளை ஏற்றிவிட வந்த மாமா சொன்னார். லாரி டேங்கில் அப்போதும் பாதிக்குமேல் பெட்ரோல் இருந்தது.