அணையை இடித்த வருஷம்

மழை பிடித்துக்கொண்ட அந்த நாளில் நான் காஞ்சிபுரத்தில் கடையில் இருந்தேன். பட்டுப் புடவை எடுத்துப் போட்டுக் காட்டும் வேலை எனக்கு. முகூர்த்தப் புடவைக்கு வந்த ஒரு குடும்பம் பாயில் உட்கார்ந்திருந்தது. பெண்ணின் அத்தை அரக்கு வேண்டும் என்றார். பெண் மயில்கழுத்து நிறம் வேண்டும் என்றாள். இரண்டையும் விரித்து முந்தானையைக் காட்டிக்கொண்டிருந்தபோது என் கணவரிடமிருந்து போன் வந்தது. வாடிக்கையாளர் முன்னால் போன் எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. விடாமல் அடித்ததும், புடவையை அப்படியே போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய்க் காதில் வைத்தேன்.

"அணைக்கு அடியில தண்ணி வருதும்மா" என்றார். "மேல வழியறது இல்ல. அடியில. மண்ணு கலந்து செவப்பா வந்துக்கினு இருக்குது."

"பாப்பா எங்க?"

"வூட்லதான் இருக்குது. அப்பாவும் இருக்காரு. நீ கெளம்பி வா."

போனை வைத்துவிட்டு முதலாளியைத் தேடிப் போனேன்.

ஐயம்பேட்டையைத் தாண்டி, எங்கள் ஆறு பாலாற்றில் கலப்பதற்குச் சற்று முன்னால், அந்தப் பழைய அணை இருந்தது. கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. யார் காலத்தில் கட்டியது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அணைக்கு மேலே இருக்கும் ஊர் நான் பிறந்த ஊர். கீழே இருப்பது வாழ்க்கைப்பட்ட ஊர். நடந்தே போய் வந்துவிடலாம். மேல் ஊர்க் கிணறுகளெல்லாம் அணையில் தேங்கும் தண்ணீரால்தான் ஊறின. எங்கள் தெரு அணைக்கு நேர் கீழே, பள்ளத்தில். கல்யாணமான புதிதில் அந்தத் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சமைப்பது எனக்குப் பிடிக்கும். பிறகு பல வருஷம் அணைக்குக் கீழே மணலை அள்ளி அள்ளி, ஆற்றின் தரை இறங்கிக்கொண்டே போனது. அணை மட்டும் பழைய உயரத்திலேயே நின்றது. அதன் அடி எதன்மேல் நிற்கிறது என்று நாங்கள் யாரும் குனிந்து பார்த்ததில்லை.

முதலாளியிடம் சொல்லிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். மழையில் வண்டி ஊர்ந்தது. எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பெண் யாரிடமோ போனில் சாம்பாருக்குப் புளி கரைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். இந்த உலகத்தில் இப்போது எப்படிப் புளியைப் பற்றிப் பேச முடிகிறது என்று தோன்றியது. எட்டாவது படிக்கும் மகள். பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்ட மாமனார். அவரை எப்படித் தூக்குவது, எந்த வழியாகப் போவது என்று மனம் திரும்பத் திரும்ப எங்கள் தெருவையே சுற்றி வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே வெளியில் நின்றது. அணையின் மேல் தண்ணீர் வழக்கம்போல் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தால் பயமே வராது. அதற்குக் கீழே, சுவரின் காலடியில், செம்மண் கலந்த தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. உலை கொதிப்பதுபோல ஒரு சத்தம். மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிக் கிராம அலுவலர் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார்.

மாமனார் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"நான் பொறந்ததுல இருந்து பாத்துக்கினு இருக்கேன். அதுக்கு இன்னாவும் ஆவாது. நீங்க போங்கப்பா."

என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவரைத் தூக்கி உட்காரவைத்து, பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு நடந்தார். மகள் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனாள். மாமனார் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். ஆற்றோரம் திரும்பும் இடத்தில் அந்தச் செந்தண்ணீர் கண்ணில் பட்டதும் வாயை மூடிக்கொண்டார். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அணை உடையவில்லை. மழை விட்டது, தண்ணீர் குறைந்தது, நாங்கள் வீடு திரும்பினோம். ஆனால் பயம் திரும்பிப் போகவில்லை. மிக்ஸியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். கல் ஏற்றின லாரி ஒன்று தூரத்தில் கொட்டினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். கடையில் நிற்கும்போது வானம் கறுத்தால் புடவையின் விலையைத் தப்பாகச் சொல்லிவிடுவேன். மகள் ஒருநாள், "அம்மா, நீ எப்பவும் வேற எங்கியோ பாத்துக்கினே பேசற" என்றாள்.

அதிகாரிகள் வந்து அளந்து பார்த்தார்கள். அணையைச் சரிசெய்ய முடியாது, பொங்கல் கழிந்ததும் இடித்துவிட வேண்டும், மேலே வேறு இடத்தில் புதிதாகக் கட்டலாம் என்றார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் சம்மதம் கேட்டார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

இரண்டொரு நாளில் என் அண்ணன் பைக்கில் வந்தான். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவன். அப்பாவின் நிலமும் கிணறும் அவனிடம் இருக்கின்றன. வண்டியை விட்டு இறங்காமல் வாசலிலேயே நின்றான்.

"நீயும் கை தூக்கினியாமே."

"தூக்கினேண்ணா."

"நம்ம கெணறு இன்னா ஆவும்னு ஒரு நிமிசம் யோசிச்சியா? அணை போச்சுன்னா சித்திரையில சேறுகூட இருக்காது. நெல்லு போட முடியுமா? மாட்டுக்குத் தண்ணி எங்க போறது?"

"மழையில அது ஒடைஞ்சா நாங்க யாரும் இருக்க மாட்டோம்ணா."

"ஒடையாதும்மா. எத்தினி தலைமுறையா நிக்குது. எவனோ சொல்றான்னு நீயும் சேந்துக்கினு…"

முடிக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் கிணற்றைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் என்னை அதிகமாகக் கலங்கடித்தது. அணை நின்றால் என் வீடு போகும் என்ற பயம். விழுந்தால் நான் பிறந்த வீடு காய்ந்துபோகும் என்ற பயம். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் ஒன்று குத்தியது.

இடிக்க வந்த அன்று காலையில் மேல் ஊர்க்காரர்கள் அணையின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள், குழந்தைகள் எல்லோரும். நடுவில் என் அண்ணன். தண்ணீர் அப்போது அணைக்கு மேல் வழியவில்லை, பின்னால் தேங்கி மட்டும் நின்றது. அடியில் வந்த தண்ணீரும் வெறும் கசிவாகச் சுருங்கியிருந்தது. கரையில் நாங்கள். போலீஸ்காரர்கள் சிலர் ஓரமாக நின்றார்கள். பொக்லைன் டிரைவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். ஒரே ஊர்க்காரர்கள்போலப் பழகினவர்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒன்றாக நிற்பவர்கள், அன்றைக்கு ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாராவது ஒரு கல்லை எடுத்தால் போதும் என்றிருந்தது.

பொறியாளராக வந்திருந்தவர் ஒரு பெண். என்னைவிட வயது குறைவுதான். நேராக அண்ணனிடம் போனார்.

"அண்ணே, நீங்க ஒருத்தர் மட்டும் கீழ வந்து பாருங்க. பாத்துட்டு மறுபடியும் உக்காந்துக்குங்க. நான் எழுப்ப மாட்டேன்."

அண்ணன் பின்னால் திரும்பித் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தான். பிறகு எழுந்தான். அவர் கொடுத்த டார்ச்சை வாங்கிக்கொண்டு அணையின் கீழ்ப்பக்கம் இறங்கிக் குனிந்தான். சுவருக்கு அடியில் இருந்த ஓட்டையில் தலை போனது, தோள் போனது, கால்களும் மறைந்தன. ஓட்டையின் வாயிலேயே நின்று பார்க்கச் சொல்லியிருந்தார் அந்தப் பெண். "போதும்ணே, வெளிய வந்துடுங்க!" என்று அவர் கத்தினார். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அவன் தலைக்குமேல் அத்தனை கருங்கல். அதற்கும் மேல் அவன் பெண்டாட்டி பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்தது அந்தச் சில நிமிஷங்களில்தான்.

அவன் வெளியே வந்தபோது முழங்கால் வரை சேறு. முகம் வெளுத்திருந்தது. என் பக்கம் பார்க்கவில்லை. மேலே இருந்தவர்களைப் பார்த்து, "எறங்குங்கப்பா" என்றான்.

"இன்னாத்துக்கு?" என்றது மேலிருந்து ஒரு குரல்.

"உள்ள ஒண்ணுமே இல்ல. நான் நிமுந்து நிக்கறேன் உள்ள. கொழந்தைங்கள மொதல்ல எறக்குங்க. மெதுவா, மெதுவா!"

குழந்தைகளை முன்னால் விட்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டிச் சில நாள் தண்ணீரை மெல்ல மெல்ல வடித்தார்கள். முழுவதும் வடிந்த பிறகு பொக்லைன் நடுப்பகுதியில் கை வைத்தது. கை வைத்தது என்றுதான் சொல்ல வேண்டும், இடிக்கவில்லை. பல்லு பட்டதுமே அணையின் நடுப்பகுதி முழுதாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டது. சுண்ணாம்புப் புழுதி எழுந்தது. என் கணவர் இருந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மழைக்காலத்தில் இது நடந்திருந்தால்?

அணை இருந்த இடத்துக்குப் பின்னால் கறுப்பு வண்டல் தெரிந்தது. நாற்றம் கொஞ்ச நாள் எங்கள் சோற்றுத் தட்டு வரை வந்தது. வெயில் ஏற ஏற அது வெடித்துப் பாளம் பாளமாகக் காய்ந்தது. அண்ணன் சொன்னதுபோலவே நடந்தது. மாசியிலேயே மேல் ஊர்க் கிணறுகள் இறங்கத் தொடங்கின. சித்திரையில் ஊருக்கு டேங்கர் லாரி வந்தது. அண்ணி மட்டும் எப்போதாவது போன் செய்வாள். "மோட்டார் போட்டா காத்துதான் வருதும்மா" என்பாள். அண்ணன் பக்கத்தில் இருப்பது தெரியும். பேச மாட்டான். எங்கள் வீட்டுக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிணறுதான் கண்முன் வந்தது.

அந்தச் சித்திரையில்தான் என் மகள் வயசுக்கு வந்தாள். முதலில் சொல்ல வேண்டியது தாய்மாமனுக்கு. ஓலை கொண்டுவந்து குடிசை கட்டவேண்டியவன் அவன்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஊர் முழுக்கப் பார்க்க என் பெண்ணுக்கு மாமன் இல்லாமல் போய்விடுமே. என் கணவர், "சொல்லிடும்மா, அவரு வர்றதும் வராததும் அவரு இஷ்டம்" என்றார்.

சொன்னேன்.

"எப்போ?"

"இன்னிக்கிக் காலையிலண்ணா."

"சரி, வை."

அவ்வளவுதான். வருகிறான் என்றா, இல்லை என்றா? மத்தியானம் வரை தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பைக் சத்தம் கேட்டது. பின்னால் பச்சைத் தென்னோலைக் கட்டு தரையை உரசிக்கொண்டு வந்தது. கொல்லையில் கொம்பு நட்டு, ஓலை பின்னி, குடிசை கட்டி முடித்தான். மகளின் தலையில் கை வைத்தான். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"அன்னிக்கி உள்ள நின்னேனே, மேலருந்து சொட்டு சொட்டா தலையில விழுந்துச்சு. இது வுழுந்தா நேரா உங்க தெருதான்னு தோணுச்சு. உன் பொண்ணு மொகம்தான் வந்துச்சு" என்றான். கொஞ்சநேரம் சோற்றைப் பிசைந்தான். "ஆனா கெணத்த எட்டிப் பாக்கும்போது இப்பவும் உம்மேல கோவம் வருது. இன்னா பண்ணச் சொல்ற?"

ரசம் ஊற்றினேன்.

அடுத்த மழையில் ஆறு தடையில்லாமல் ஓடியது. தெரு முனை வரை வந்து தொட்டுவிட்டுப் போனது. நாங்கள் அப்போதும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனோம். இந்தமுறை மாமனார் தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மேல் ஊரில் வேகமாகப் போன தண்ணீர் கரையை அரித்து அண்ணனின் தென்னை மரங்களைச் சாய்த்தது. கிணறு நிரம்பியது, தை பிறந்ததும் மறுபடி இறங்கியது. புதிய அணைக்கு எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் வேலை நடக்கவில்லை. அண்ணன் நெல்லை விட்டுவிட்டுக் கேழ்வரகு போடுகிறான்.

இந்தக் கோடையில் அவன் கிணற்றை ஆழப்படுத்தினான். வந்து பார் என்று கூப்பிட்டான். நான் போனேன். புதிதாக உடைத்த பாறை வெள்ளையாக இருந்தது. சிறுவயதில் கை நீட்டித் தொட்ட தண்ணீர் இப்போது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"வந்துக்கினு இருக்குது, கொஞ்சம் கொஞ்சமா. நல்லா பாரு" என்றான்.

இன்னும் குனிந்தேன். இருட்டுதான் தெரிந்தது. அந்த ஆழம் உள்ளே இழுப்பதுபோலத் தலை சுற்றியது. அண்ணன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தோம்.