வண்டியைக் கழுவாமல் கொண்டுவாருங்கள்

நைனார் மறைந்த செய்தி எனக்கு ஒரு புகாராகத்தான் வந்து சேர்ந்தது. காலை ஏழரை மணிக்குத் திண்டிவனத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், நைனார் பூட்டாராம். ராத்திரி நெஞ்சுவலியாம். நல்ல மனுஷன் சார்" என்றார். ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தார்: "ஞாயித்துக்கெழம வந்து வண்டி பாத்துத் தரேன்னு சொல்லியிருந்தாரு. இப்ப நான் இன்னா பண்றது?"

இறந்தவருக்கு மூன்று வாக்கியம், வண்டிக்கு ஆறு நிமிடம். நைனார் இதைக் குறையாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். செஞ்சியில் பெரும்பாலானவர்கள் அவரிடம் உயிரோடு இருக்கும்போதே அந்த அளவில்தான் பேசினார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெயபால நைனார் இவ்வூரின் பழைய சமணக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். மின்வாரியத்தில் மீட்டர் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் சோதிடரிடமும் அடுத்து நைனாரிடமும் போவது இங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. சோதிடர் தட்சிணை வாங்குவார்; நைனார் வாங்கமாட்டார். ஆகவே சோதிடர் சொல்லுக்கு மதிப்பு சற்று அதிகம்.

அவருக்கு இந்த அறிவு ஏமாந்ததால் வந்தது. ஓய்வு பெற்ற கையோடு சென்னையில் ஒரு பழைய மின்சாரக் காரை வாங்கினார். இருநூறு கிலோமீட்டர் ஓடும் என்று திரை காட்டியது. மேல்மருவத்தூர் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். "ஊராங்க ஊட்டு மீட்டரெல்லாம் பொய் சொல்லுதான்னு வாழ்நாள் பூரா பாத்தேன் சார். என் வண்டி மீட்டர மட்டும் நம்பிட்டேன்" என்று அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அதன்பின் அவர் வகுத்துக்கொண்ட விதிகள் சில. வண்டியைக் கழுவாமல் கொண்டுவர வேண்டும்; கழுவினால் தடயம் போய்விடும். முழு சார்ஜில் கொண்டுவரக் கூடாது. நிறைந்த பேட்டரி எல்லா வண்டியிலும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். உள்ளே ஊதுவத்தி மணந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். தரைவிரிப்பைத் தூக்கி வண்டல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கைகளின் போல்ட்டில் துருவைத் தேடுவார். இரண்டும் இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது என்று பொருள். வேகத்தடையில் இடித்த தழும்பு பேட்டரிப் பெட்டியின் அடியில் உண்டா என்று படுத்துப் பார்ப்பார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சிறு கருவியைச் செருகி, பேட்டரியின் உடல்நிலையைக் கைபேசியில் படிப்பார். கடைசியாகப் பனமலை வரை ஏ.சி. போட்டு ஓட்டி, எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே திரும்புவார்.

இவை அனைத்தும் மாலைக்குள் முடிய வேண்டும். இருட்டிய பின் அவர் சாப்பிடுவதுமில்லை, வண்டி பார்ப்பதுமில்லை. முதலாவது சமண நெறி. இரண்டாவதையும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

எந்த வண்டியையும் அவர் நல்ல வண்டி என்று சொன்னதில்லை. "நல்லாருக்குதுன்னு சொல்ல நான் யாரு சார்? கொற தெரியலன்னு வேணா சொல்றேன்" என்பார். நிச்சயதார்த்தத் தட்டோடு வந்து நிற்பவர்களிடம் இப்படிப் பேசினால் என்ன மரியாதை கிடைக்குமோ, அதுதான் அவருக்கும் கிடைத்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கும் அவர் தேவைப்பட்டார். என் மனைவி கற்பகம் அவலூர்பேட்டை அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்திருந்ததால் பேருந்துப் படி ஏற முடியவில்லை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. வேலையை விடும் கடிதத்தை எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டிருந்தார். பள்ளிக்கு எதிரே விதைக்கடை வைத்திருக்கும் சாந்திநாதன் தம்முடைய மின்சாரக் காரை விற்கப்போவதாகச் சொன்னார். அவர் நைனாருக்கு மனைவியின் தம்பி. இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும் என்று நினைத்தோம்.

அங்கேதான் தவறு செய்தோம். நைனார் பார்ப்பதாகச் சொன்ன நாளுக்கு முன்பே அமாவாசை வந்துவிட்டது. நல்ல நாளை விடலாமா? வாங்காத வண்டியை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஓட்டிச் சென்று பூசை போட்டு, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டோம். பூசை போட்ட வண்டியைத் திருப்பித் தருவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். சாந்திநாதனுக்கும் அது தெரியும். மாலையை அவர்தான் வாங்கித் தந்தார்.

நைனார் வந்து பார்த்தார். சார்ஜ் போடும் துளையில் கற்பகம் வைத்த சந்தனத்தை ஒரு பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்தார். "இது வண்டியோட கொற இல்ல டீச்சர், உங்க கொற" என்றார். பிறகு தரைவிரிப்பைத் தூக்கினார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பனமலைக்குப் போனோம். திரும்பும்போது நாற்பதில் இருந்த சார்ஜ் ஒரே தாவலில் பத்தொன்பதுக்கு இறங்கியது.

வீட்டு வாசலில் சாந்திநாதன் காத்திருந்தார்.

"எலுமிச்சம்பழம் நல்லாத்தான் இருந்திருக்குது" என்றார் நைனார். "பேட்டரிதான் சரியில்ல. செல்லு கெட்டுப் போயிருக்குது. நாப்பது வரிக்கும்தான் மீட்டரு பேசும், அப்புறம் உழுந்துடும். வெள்ளத்துல நின்ன வண்டி. வாங்காதீங்க சார்."

சாந்திநாதனின் முகம் சிவந்தது. "மாமா, நீங்க யாரு பக்கம்?"

"நான் ஸ்டியரிங்குக்குக் கீழ இருந்தேன்டா. யாரு பக்கமும் இல்ல. எங்க வாங்கின இத?"

"மெட்ராஸ்ல."

"என்னிய ஏன் கேக்கல?"

"கேட்டா வாங்காதன்னு சொல்லியிருப்பீங்க."

நைனார் பல்துலக்கியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். நியாயமான வாதம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்.

நடக்காத காரியத்தை நாங்கள் செய்தோம்; வண்டியைத் திருப்பித் தந்தோம். சாந்திநாதன் அன்றோடு அக்காள் வீட்டு வாசல் மிதிப்பதை நிறுத்தினார். நைனாரின் மனைவி விமலா அம்மாளுடைய அண்ணன் மகள் திருமணத்துக்கு நைனாருக்கு அழைப்பு வரவில்லை. விமலா அம்மாள் மட்டும் தனியாகப் போய்வந்தார். "உண்மையச் சொல்றதுக்கு அளவு வேணாமா?" என்று தாம் கேட்டதாகவும், "மீட்டர்ல கூட்டிக் கொறைச்சி எழுதச் சொல்றியா?" என்று நைனார் திருப்பிக் கேட்டதாகவும் கற்பகத்திடம் சொல்லி வருந்தினார். நைனார் நடந்துகொண்டது சரிதான். அவருடன் வாழ்வது எளிதாக இருந்திருக்காது.

நான்கு மாதம் கற்பகம் சக ஆசிரியை ஒருவரின் தயவில் போய்வந்தார். கடிதம் இழுப்பறையிலேயே இருந்தது. பிறகு நைனார் விழுப்புரத்தில் சாம்பல் நிறத்தில், பார்க்கச் சகிக்காத ஒரு மின்சாரக் காரைக் கண்டுபிடித்து, மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கொற தெரியல" என்றார். அந்த வண்டியில்தான் கற்பகம் மீதிப் பணிக்காலத்தை முடித்தார். பணி நிறைவு விழாவுக்கு நைனார் வந்தார். சாப்பாடு தாமதமாகி இருட்டியதால் சாப்பிடாமல் போனார். கடிதத்தைக் கற்பகம் கிழித்துவிட்டார்.

நைனார் மறைந்த செய்தி வந்த நாளும் அமாவாசைதான். சூரியன் மறையுமுன் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். விமலா அம்மாளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டிய தம்பி மட்டும் வரவில்லை. மூன்றரை மணிக்குச் சாந்திநாதன் என்னை அழைத்தார்.

"சார், மேல்மலையனூர் பிரிவு ரோட்டாண்ட நிக்கிறேன். வண்டி நின்னுபோச்சு. பஸ்ஸெல்லாம் கோயில் கூட்டம், தொங்கக்கூட எடமில்ல. ஆட்டோ ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. வர முடியுமா?"

நானும் கற்பகமும் சாம்பல் வண்டியில் போனோம். ஒரு புளியமரத்தடியில் அவர் கோடிப் புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பூசை போட்ட அதே கார். இவ்வளவு நாளும் அதை வாங்க ஆள் வரவில்லை. நைனார் வேண்டாம் என்ற வண்டி என்பது சுற்று வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது.

எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டார். செஞ்சிக்கோட்டை கண்ணில் பட்டபோது சொன்னார்: "நாப்பதுன்னு காட்டிச்சு சார். அப்புறம் உழுந்துடுச்சு." பொட்டலத்தை மடியில் நேராக வைத்துக்கொண்டு, "அவுரு சொன்னாருல்ல" என்றார்.

கோடி போட்டார்கள். மாமாவின் காலடியில் சாந்திநாதன் வெகுநேரம் குனிந்தே இருந்தார். நைனாரை எடுத்தபோது ராஜகிரி மலைக்கு மேல் சூரியன் இன்னும் மிச்சமிருந்தது.

சென்று வாருங்கள் நைனார். இருட்டுமுன் உங்கள் மைத்துனரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். வண்டியைக் கழுவவில்லை.