டாக்குரியாவிலிருந்து ஹவுராவுக்கு, இரண்டு கண்ணாடித் துண்டுகளுடன்

ஆய்வு மாதிரிகளைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்கத்தாவைக் கடக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. போன ஆகஸ்டில் என் மகள் சுதா டெங்குவில் படுத்துவிட்டாள். ஹவுராவிலுள்ள ஓர் ஆய்வகத்தின் லேசர் கருவி அன்று பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தவறினால் அடுத்த வாய்ப்பு மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் அவளுடைய உதவித்தொகை முடிந்துவிடும். வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே தகுதியில் என்னை அனுப்பினாள்.

எடுத்துப்போனவை நகத்தளவு கண்ணாடித் துண்டுகள் இரண்டு. ஒன்றில் வெறும் நிறமி. மற்றதில் அதே நிறமி கார்பன் நானோகுழாய்களோடு சேர்ந்த கலப்பு. ஒளி பட்டதும் நிறமி எலக்ட்ரானைக் கொடுக்க, குழாய் அதை வாங்கிக் கடத்தும். நாளை இதிலிருந்து சோலார் பலகை வரலாம். ஆனால் அதிக நேரம் வெளிச்சம் பட்டால் நிறமி கெட்டுவிடுமாம். ஆகவே தனித்தனியாக அலுமினியத் தாளில் சுற்றி, தாளின்மேல் ‘நிறமி’, ‘கலப்பு’ என்று அழகாக எழுதி, ஒரு டப்பாவில் வைத்தேன்.

டாக்குரியாவிலிருந்து சியால்தாவுக்கு லோக்கல் ரயில், ஐந்து ரூபாய். கால் மணி நேரப் பயணம் என்பார்கள். சிக்னலில் நின்றதே இருபது நிமிடம். சியால்தா மெட்ரோ வாசலில் காவலர் டப்பாவைத் திறந்தார்.

“தாது, என்ன இது?” வங்காளிகளுக்குத் தாத்தா ‘தாது’.

“சோலார்... ஆராய்ச்சிக் கண்ணாடி.”

“சோலார்னா வெயில்ல காயணும். இதுக்கு எதுக்கு தாது போர்வை?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் இரண்டையும் பிரித்துத் தட்டில் போட்டுவிட்டார். பின்னாலிருந்தவர் தள்ள, அவசரமாகச் சுற்றி எடுத்துக்கொண்டேன். மெட்ரோ ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும்போதுதான் உறைத்தது: எந்தத் தாள் எந்தக் கண்ணாடிக்கு?

ஹவுரா ஸ்டேஷனிலிருந்து ஆய்வகத்துக்கு டாக்சி, முந்நூறு ரூபாய். கருவியை இயக்கும் பிரபு ஹவுராவில் பிறந்து வளர்ந்த தமிழர்.

“அங்கிள், ரொம்ப லேட். இனிமே ஒண்ணுதான் அளக்க முடியும். எது கலப்பு?”

“எழுதியிருக்கிறேன். ஆனா தாள் மாறியிருக்கலாம்.”

“மாறியிருக்கலாமா? அரே பாபா! ஏதோ ஒண்ண வைங்க.”

புற ஊதா டார்ச் கேட்டேன். விளக்கை அணைத்து அடித்தபோது ஒரு துண்டு சிவப்பாக ஒளிர்ந்தது. மற்றது இருண்டு கிடந்தது.

“அது செத்துப்போச்சு. மின்னுறத வைக்கிறேன்.”

“வேண்டாம், தம்பி. மின்னாததை வைங்க.”

வாங்கிக்கொள்ள ஆளில்லாத நிறமிதான் ஆற்றலைச் சிவப்பு ஒளியாகத் திருப்பித் தரும். குழாய் வாங்கிக்கொண்டால் ஒளிராது. வெளிச்சத்தில் கெட்டிருந்தால் நிறமியின் ஊதா நிறமும் வெளிறியிருக்கும். வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஊதா.

“நிச்சயமாவா?”

“நிச்சயம்” என்றேன். துண்டை அவரிடம் நீட்டினேன்.

ஒன்றே முக்காலுக்குத் திரையில் வளைவு வந்தது. பிரபு கோப்பைச் சுதாவுக்கு அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் அவள் அழைத்தாள். “கலப்புதாம்ப்பா. எலக்ட்ரான் போகுது.”

போகிறவர்களுக்கு: கூட்ட நேரத்தில் மெட்ரோ வேண்டாம், வீட்டிலிருந்தே டாக்சி பிடியுங்கள். அடையாளத்தைத் தாளில் எழுதாதீர்கள். கண்ணாடியின் மூலையிலேயே கீறுங்கள். சுதா இப்போது அப்படித்தான் செய்கிறாள். என்னிடம் கொடுத்தனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை.