செருப்புப் போடச் சொன்ன மேடை

எங்கள் அத்தை வைத்திக்குப்பத்தில் மீன் விற்பவள். பல வருஷமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போயிருந்தது. வலிக்காத கால் நல்ல கால் என்பது அவள் நினைப்பு.

இப்படிப்பட்டவர்களுக்குப் புத்தி சொல்லத்தான் கோயில் மண்டபத்தில் விழிப்புணர்வு முகாம் வைத்தார்கள். அதுவும் காலையில், மீன்காரிகள் தெருத்தெருவாக அலைகிற நேரத்தில். முன்வரிசை முழுக்கச் சால்வைக்குக் காத்திருந்த பெரிய மனிதர்கள். அத்தை மட்டும் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்தாள். துணைக்கு நானும் போனேன்.

மருத்துவர் 'பெரிஃபெரல் நியூரோபதி' என்றார். தமிழில் சொல்லுங்கள் என்றதும் 'புற நரம்புச் சிதைவு' என்றார். பேஷ்! நடுவில் ஒரே ஒரு வாக்கியம் எங்களுக்குப் புரிந்தது: "எப்பவும் செருப்பு போடுங்க."

எங்கள் ஆட்கள் படகுப் பக்கம் செருப்புக் காலோடு போகமாட்டார்கள், கடலம்மாவுக்கு ஆகாது. அத்தைக்கு மீன்கூடையும் அப்படித்தான், அது தலையில் இருக்கும்வரை வெறுங்கால்தான். அப்படியானால் என்ன செய்வது என்று கேட்க எழுந்தாள். "கேள்வியெல்லாம் கடைசில," என்றார் மைக் பிடித்தவர். கடைசியில் போட்டோ எடுத்தார்கள். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று என்று பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வண்டியேறினார்கள். வலிக்காத முள்தான் ஆபத்து, படுக்குமுன் பாதத்தைத் திருப்பிப் பார் என்று சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் கெளுத்தி முள் குத்தியது. வலிக்கவில்லை, அவள் பார்க்கவுமில்லை. புரையோடி இரண்டு விரல்களை எடுத்தார்கள். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அத்தை கடலம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு செருப்பு வாங்கினாள்.

அடுத்த முகாமுக்கு வீடு தேடி வந்து அத்தையை அழைத்துப்போய் மேடையேற்றினார்கள். அதே மருத்துவர் அவள் காலைக் காட்டினார். "பாருங்க, செருப்பு போடாததால வந்த வினை. இப்பக்கூட வெறுங்காலோட நிக்கறாங்க!"

அத்தை மைக்கை வாங்கினாள்.

"செருப்பு வாசல்ல கெடக்குது டாக்டரு. கோயில் மண்டபம், கழட்டிட்டுப் போன்னு ஒங்க ஆளுதான் சொன்னாரு." அவருடைய பளபளப்பான ஷூவைக் குனிந்து பார்த்தாள். "ஒங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

மைக்கை அவர் கையில் திணித்தாள்.

"மிச்ச வெரலு எனக்கு வேணும்," என்று இறங்கிப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பவும் மேடையேறினாள். யாரும் தடுக்கவில்லை.