கோணல் கொம்பு

ஒஷாவா நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணையில் மான் வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது இறைச்சிக்குத்தான் என்று நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கொம்புக்கு என்று தெரிந்தது.

எல்லாம் செம்மான்கள். ஆண்மானுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் பழைய கொம்பு விழுந்து புதுக்கொம்பு முளைக்கும். பெரிய கொம்புள்ள தகப்பனாகத் தேடிப் பிடித்துக் குட்டி எடுப்பார்கள். கொம்பு போதிய அளவு வந்ததும் கியூபெக்கில் வேலியடைத்த ஒரு காட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே பணக்காரர்கள் வந்து சுட்டு, தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுவார்கள். வேலிக்குள்ளே வேட்டையாம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஐம்பதைத் தாண்டியவனுக்கு இந்த நாட்டில் யார் வேறு வேலை தூக்கிக் கொடுக்கிறார்கள்? தீவனம் போட்டேன்.

மனிதரைக் கண்டால் மான்கள் ஓடிவிடும். ஒன்று மட்டும் ஓடாது. என் வாளிச் சத்தம் கேட்டதும் நேரே வந்து சோளத்துக்குத் தலையை நீட்டும். இன்னும் இரண்டு வருடம் கொம்பு பெருக்கட்டும், பிறகு அனுப்பலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த இரண்டு வருடம் முடியவே கூடாது என்று இருந்தது எனக்கு.

கோடையில் கொம்பு மெத்தென்ற தோல் போர்த்து, இளசாக இருக்கும். அந்த நேரம் பார்த்து அது எதற்கோ வெருண்டு வேலியில் மோதிவிட்டது. இடது கொம்பு மடங்கிப்போனது. அதன் பிறகு அது வளர்ந்த விதம் பார்க்கச் சகிக்காது. கன்னத்தை ஒட்டிக் கீழே இறங்கி, நுனியில் விரல் விரலாகப் பிரிந்து நின்றது. பாவம், தலையைச் சாய்த்துத்தான் தின்னும்.

நாங்கள் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து என்னோடு ஒரே காரில் வேலைக்கு வரும் அண்ணை அதைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய ஊர்க் கோயிலில் வேள்வி நடக்கும். பலி கொடுக்கவென்றே கடா வளர்ப்பார்கள்.

“இனி இது தப்பீட்டுது. ஊனக் கடாவை ஆர் வேள்விக்கு எடுக்கிறது?” என்றார்.

அதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே வரவில்லை. ஊனமென்றால் சாமியே வேண்டாம் என்கிறது, சுவரில் மாட்டுகிறவனா கேட்கப்போகிறான்? உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அவரும் ஒற்றைக் கொம்பர்தானே, இந்தக் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

ஓகஸ்ட் கடைசியில் கொம்புத் தோல் உரிந்ததும் முதலாளி அளவுநாடாவோடு வந்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு கோணலையும் சுற்றிச் சுற்றி அளந்தார். எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார். நேர்க்கொம்பு எல்லாரிடமும் இருக்குமாம், இப்படியொன்று வேறெந்தச் சுவரிலும் இருக்காதாம். அடுத்த வருடம் இது நேராக முளைத்துவிடக் கூடும், அதனால் இந்த இலையுதிர்காலமே அனுப்ப வேண்டும் என்றார்.

ஊனம் வராமல் இருந்திருந்தால் இரண்டு வருடமாவது இருந்திருக்கும். சாமி கழித்துவிடுவதை மனிதன் தேடி எடுக்கிறான்.

லொறி வந்த காலை அது ஏற மறுத்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் அசையாமல் நின்றேன்.

“நீ போகாட்டியும் ஏத்தத்தான் போறாங்கள். வெருட்டி ஏத்துவாங்கள்,” என்றார் அண்ணை மெதுவாக.

வாளியை எடுத்தேன். ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்பார்கள். சத்தம் கேட்டதும் வந்தது. நான் பின்பக்கமாக நடந்து லொறிக்குள் போக, தலையைச் சாய்த்தபடி கூடவே ஏறியது. கொம்பு கதவில் இடித்துவிடாமல் முதலாளி கையால் பிடித்து மெல்ல விலக்கிவிட்டார்.

அது தின்னத் தொடங்கியதும் பக்கத்துச் சின்னக் கதவால் இறங்கினேன். பிறகு வாளியை எடுக்கக் கை நீட்டினேன். விடு, அங்கேயும் தேவைப்படும் என்றார் முதலாளி.