நாற்பத்தெட்டு வயதுக்காரி

ஆறு வயதில் ஒரு பெண்ணைப் பிள்ளை பெற வைத்தவன் நான். பேனாவால்தான், ஆனாலும் வெட்கம் வெட்கம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் சின்னக் கிளாக்கர். அறுபது தாண்டியவர்களின் பெயரைச் செக்ரோலிலிருந்து, அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டிலிருந்து, வெட்டச் சொல்லித் தோட்டத்துத் துரை உத்தரவிட்டிருந்தார். தொழிலாளர் குடியிருந்த லயங்களில் யாரிடமும் பிறப்புச் சான்று கிடையாது. கேட்டு, முகத்தைப் பார்த்து, நானே எழுத வேண்டும்.

கொழுந்தெடுக்கும் கிழவி ஒருத்தி ஆபீஸ் சன்னலில் வந்து நின்றாள்.

"பேர வெட்டிராதீங்க கிளாக்கரய்யா. காலையில பெரட்டுக்கு ஆள் கூப்புட்டுத் தப்படிக்கையில நா லயத்துல குந்திக்கிட்டு என்னாத்தச் செய்ய?"

"வயசு என்ன?"

"அந்தா, அந்த மலையில கன்னு நட்டப்ப நா குமரி."

திரும்பிப் பார்த்தேன். மலையைக் காணோம். பனிமூட்டம் இறங்கி, தேயிலையையும் லயத்தையும் நனைந்த சவுக்கு மரங்களையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக்குள் எவருக்கும் வயதே இல்லை என்று தோன்றியது. படித்த புத்தகங்கள் செய்த கோளாறு. மயங்கிப்போய் நாற்பத்தெட்டு என்று எழுதினேன்.

அடுத்த வரியிலேயே அவள் மகன் இருந்தான், நாற்பத்திரண்டு வயதோடு. அதை நான் பார்க்கவில்லை. துரை பார்த்தார்.

"ஆறு வயசிலே புள்ளே பெத்ததா?"

"அந்தக் காலத்துல சீக்கிரமே கல்யாணம் பண்ணிடுவாங்க சார்" என்றேன்.

துரை சிரிக்கவில்லை. மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு மலையேறினார். மூட்டத்துக்குள் முதலில் அவள் கைகள்தான் தெரிந்தன. பச்சைத் தண்ணீரில் இரண்டு மீன்கள் துள்ளுவது போல. சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் நின்றோமோ, தெரியாது.

"கை ஓடுற மட்டும் பேர் இருக்கட்டும். மேட்டுக்கு அனுப்பாதே, தட்டை நிலம் குடு. வயசைச் சரியா எழுது" என்றார் துரை.

அவர் இறங்கிப் போனதும் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன், நான் எழுதிய வயதையும் சேர்த்து. கும்பிடுவாள் என்று கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

அவள் கூடையை இறக்கிவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாப்பத்தெட்டுன்னா எழுதுனீங்க? கெடுத்தீங்களே! எழுபதுன்னு எழுதியிருந்தா, இந்த வயசுல இம்புட்டு எடுக்குறாளேன்னு தொரை அசந்திருப்பாரு. நாப்பத்தெட்டுக்காரி இப்புடி எடுத்தா சோம்பேறின்னுல்ல நெனப்பாரு!"