என் மகள் மெலிந்த கதை

முதலில் வீங்கியது மகளின் கண் இமை. காலையில் எழும்பும்போது இரண்டு இமையும் உப்பியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடைக்கு வந்து ரொட்டி வாங்கிப் போகும் நேரத்துக்குள் வடிந்துவிடும். தூக்கம் கூடிப்போயிற்று என்று நினைத்தேன். பிறகு கன்னம் வந்தது. பிறகு கை, கால், வயிறு. நான் சந்தோஷப்பட்டேன்.

ஏன் சந்தோஷப்பட்டேன் என்று சொல்வதற்கு நான் யார் என்று சொல்ல வேண்டும். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து அறையில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொழுந்து பறித்தேன். பிறகு ரோட்டோரத்தில் ஒரு மேசை போட்டு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் விற்றேன். இன்றைக்கு டவுனில் என் பெயரில் கடை இருக்கிறது. தோட்டத்துத் துரையே ஆளனுப்பி என் சம்பலை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். யாரும் கைதூக்கி விடவில்லை. இந்தக் கட்டுரையையும் நானேதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை பார்க்க மட்டும் ஒரு டீச்சரிடம் கொடுத்தேன்.

என் மகள் தர்ஷிகா எனக்கு நாற்பது வயது தாண்டிப் பிறந்தவள். "இனி எங்க பெறப்போறா" என்று பேசின வாய்களுக்கு நான் பெற்றுக் காட்டினேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அநேகம் மெலிவு. கிளினிக்கில் எடை பார்க்கும் நாளில் தாய்மார் மிட்வைஃப் மிஸ்ஸிடம் ஏச்சு வாங்குவார்கள். நான் வாங்கியதில்லை. காலையில் முட்டை, பத்து மணிக்குப் பால், பகலில் பருப்பும் நெத்தலியும் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். அவள் மூன்று வயதில் திடீரென்று கொழுகொழுவென்று ஆனபோது, கைப்பக்குவம் பலித்துவிட்டது என்றுதான் நம்பினேன்.

கடையில் மா நிறுக்கும் தராசு ஒன்று உண்டு. அதில் அவளை உட்காரவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். அவளுக்கும் அது விளையாட்டு. ஏறி உட்கார்ந்து, "நிறுங்க, நிறுங்க" என்று கையைத் தட்டுவாள். எண் ஏறினால் கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே சும்மா சும்மா நிறுத்துப் பார்த்தேன்.

ஒரு நாள் மிட்வைஃப் மிஸ் வடை வாங்க வந்தார்.

"பாருங்க மிஸ், ஒரே மாசத்துல எப்புடி ஏறியிருக்கா."

அவர் தராசைப் பார்க்கவில்லை. குனிந்து பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"அக்கா, இது சதை இல்ல. ஒண்ணுக்குப் போனா நொரையா இருக்கா?"

"அவ போற சட்டியைச் சவுக்காரம் போட்டுக் கழுவுறேன். அந்த நொரைதான்."

"முந்தி மாதிரி அடிக்கடி போறாளா?"

"இல்ல. பெரிய புள்ளயாயிட்டா, அடக்கிக்கிறா."

மிஸ் கையிலெடுத்த வடையை மேசையிலேயே வைத்துவிட்டார். "நாளைக்குன்னு வைக்காதீங்க. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

என் நாத்தனார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அதெல்லாம் கண்ணுதான் அண்ணி. தராசுல ஏத்தி ஊருக்கே காட்டுனா படாம என்ன செய்யும்? சுத்திப் போடுங்க, வடிஞ்சிரும்."

நான் இரண்டையும் செய்தேன். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். அது வெடித்து முடியும் முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இதைப் படிக்கிற தாய்மாருக்குச் சொல்கிறேன்: சுத்திப் போடுவதென்றால் போடுங்கள். பஸ்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரும் இரத்தமும் பார்த்துவிட்டு, நெஃப்ரோட்டிக் சின்ட்ரோம் என்றார்கள் (சிறுநீரகத்தின் சல்லடை பழுதாகி, உடம்பில் நிற்க வேண்டிய புரதச் சத்து சிறுநீரோடு வெளியே போகும் நோய்). டொக்டர் சிங்களவர், பெண். என் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்.

"அம்மா, வீட்டுல தேத்தண்ணி வடி இருக்குதானே? வடியில ஓட்டை பெருசானா என்ன நடக்கும்?"

"தூளும் கோப்பைக்குள்ள விழும்."

"அதுதான். மகளோட கிட்னியில அப்படி. சத்து வெளியில போகுது. அதனால தண்ணி உடம்புல தேங்குது. இந்த வெயிட் கொழுப்பு இல்ல, தண்ணி."

எனக்குக் காது சுட்டது. மலையில் மழை நாளில் பறிக்கிற கொழுந்து கனக்கும். நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கென்று கணக்கப்பிள்ளை கழிப்பார். கழிக்கிற அளவு கூடிவிட்டால் அந்த இடத்திலேயே சண்டை பிடிப்பேன். என்னோடு வாய் கொடுக்க எந்தக் கணக்கப்பிள்ளையும் விரும்பியதில்லை. ஈரத்தின் கனம் கனத்தில் சேராது என்பது எனக்கு அத்தனை நன்றாகத் தெரியும். சொந்தப் பிள்ளையை நிறுக்கும்போது மட்டும் தெரியாமல் போயிற்று.

"பொழச்சிருவாளா டொக்டர்?"

"இந்த வயசுல வர்றது அநேகமா மருந்துக்குக் கேக்கும். ஆனா திரும்பத் திரும்ப வரும். பெருசானா விட்டுப் போயிரும். பொறுமை வேணும்."

பிரெட்னிசலோன் கொடுத்தார்கள். இது ஸ்டீரொயிட் மாத்திரை (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தப்பாக வேலை செய்வதை அடக்கும் மருந்து). கசக்கும். வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பினாள். சீனித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் சிறுநீர் தாராளமாகப் போகத் தொடங்கியது. வார்டில் காலைதோறும் எடை பார்ப்பார்கள். எண் இறங்க இறங்க, "ஹொந்தய், ஹொந்தய்" (நல்லது) என்று தாதி சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. நான் ஊட்டி ஏற்றினது இறங்குகிறதே என்றுதான் மனம் கணக்குப் போட்டது. மூளைக்கு விளங்கினது மனதுக்கு விளங்க நாளாகும்.

முதலில் கணுக்கால் எலும்பு வெளியே வந்தது. பிறகு முகத்தின் நாடி எலும்பு. கழுத்து மடிப்புக்குள் காணாமல் போயிருந்த மச்சம் திரும்பி வந்தது. தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தவர், கட்டிலருகே நின்று சிரித்தார்.

"நம்ம புள்ளய திருப்பிக் குடுத்திருக்காங்க. நீ என்னமோ களவு போன மாதிரி குந்தியிருக்க."

உண்மையைச் சொன்னால், அவளுடைய உண்மையான உடம்பு எவ்வளவு சின்னது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தூக்கினால் கோழிக்குஞ்சு கனம்தான். ஆனால் கட்டிலிலிருந்து தானாக இறங்கினாள். வார்டின் நீளத்துக்கும் ஓடினாள். வீங்கியிருந்த நாட்களில் அவள் ஓடவில்லை என்பதையே அப்போதுதான் கவனித்தேன். தராசில் உட்கார்ந்து கை தட்டினாளே தவிர, ஓடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு காலைப்பொழுது மாறிப்போயிற்று. அவள் கழிக்கும் முதல் சிறுநீரை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சூடாக்க வேண்டும். புரதம் இருந்தால் முட்டை வெள்ளைக்கரு போல வெளுக்கும். இல்லாவிட்டால் தெளிவாக இருக்கும். நான் மா பிசைவதற்கு முன்னால் இதைச் செய்வேன். தெளிவாக இருந்தால் அந்த நாள் எனக்குக் கிடைத்த நாள். அதற்கு மேல் யோசிப்பதில்லை.

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். சம்பலுக்குப் பேர் வாங்கின கடைக்காரிக்கு இதைவிடத் தண்டனை உண்டா? தேசிக்காயும் (எலுமிச்சை) சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வைத்து, உப்புக் குறைவது தெரியாமல் ருசி கொண்டுவந்தேன். இந்த மலைநாட்டில் வேறு யாராலும் முடியாது. வேண்டுமானால் வந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

மாத்திரையால் முகம் மறுபடி வட்டமானது. பசியும் கோபமும் கூடின. இது மருந்தின் வேலை. மருந்தைக் குறைக்கும்போது போய்விடும். அதற்குப் பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆபத்து. கடைக்கு வருகிறவர்கள், "பாப்பா நல்லாத் தேறிட்டா" என்பார்கள். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்பேன்.

மழையில் நனைந்து தடிமன் (சளி) பிடித்த ஒரு கிழமையில் குழாய் வெளுத்தது. மீள்தாக்கம் (அடங்கிய நோய் திரும்ப வருவது). மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி பெரிய அளவு மாத்திரை. அது அடங்கியதும் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். பிள்ளையை வெளியே விடக்கூடாது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, கம்பளிச் சட்டையும் தொப்பியும் மாட்டி உட்காரவைத்தேன். வாசலில் பிள்ளைகள் விளையாடும். அவள் கண்ணாடி அலுமாரிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளும் பழகிக்கொண்டாள். பொம்மையை வைத்து ஆஸ்பத்திரி விளையாடினாள். அதன் காலை அழுத்தி, "குழி விழுது. ஓடக்கூடாது. அம்மா ஏசுவாங்க" என்பாள். நான் இதைப் புத்திசாலித்தனம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். டொக்டர் என்னைத்தான் முதலில் பரிசோதித்தார் என்று சொல்ல வேண்டும்.

"ஏன் தூக்கிட்டு வாறீங்க?"

"நடந்தா வேர்க்கும். வேர்த்தா தடிமன் பிடிக்கும் டொக்டர்."

"நோய் கிட்னிக்கு. காலுக்கு என்ன?"

பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டேன்.

"தடிமன் வரும், அம்மா. பள்ளிக்கூடம் போனாலும் வரும். வந்தா என்ன செய்யணும்னு உங்களுக்குத்தான் தெரியுமே. ஓட விடுங்க. விளையாடாம வளர்த்தா அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்ல."

விட்டேன். சொல்வது லேசு. கடைக்குப் பின்னால் புல் மேடு ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் உரப்பையில் உட்கார்ந்து அதில் சறுக்குவார்கள். தர்ஷிகா போய் ஓரமாக நின்றாள். ஒரு பயல், "ஏய், பூசணி வந்திருச்சு" என்றான். நான் கையிலிருந்த அகப்பையோடு படியிறங்கினேன். அதற்குள் அவள் வாய் திறந்துவிட்டாள்.

"பூசணின்னா உருளும். நீ முருங்கக்கா, ஒடஞ்சிருவ. வா பாப்போம்."

சொல்லிவிட்டு உண்மையாகவே படுத்து, மேட்டின் உச்சியிலிருந்து கீழே உருண்டு போனாள். எழும்பியபோது தலையெல்லாம் புல். முழங்கையில் சிராய்ப்பு. அந்தப் பயல் தன்னுடைய உரப்பையை அவளிடம் நீட்டினான். அந்த வாய் என்னுடையது. எங்கே வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். நான் அகப்பையோடு திரும்பிவந்து, தீய்ந்துபோன பருப்பைக் கிண்டினேன்.

அதற்குப் பிறகும் நோய் வந்தது. பொய் சொல்லமாட்டேன். வந்தது, மருந்துக்குக் கேட்டது, போனது. இடைவெளி நீண்டது. மாத்திரை பாதியாகி, காலாகி, நின்றது. மாத்திரைக் காலத்தில் உயரம் ஏறவே இல்லை. நின்ற பிறகு, தைத்த சீருடை ஒரே பள்ளித் தவணைக்குள் கட்டையாகிப்போனது. ஒவ்வொரு முறையும் மடித்துத் தைத்ததை அவிழ்த்துவிடுவது எனக்கு ஒரு திருவிழா.

போன முறை கிளினிக்கில் டொக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "இனி அடுத்த வருஷம் வாங்க" என்றார்.

"அடுத்த மாசம்னு போடுங்க டொக்டர்."

"எதுக்கு?"

"சும்மா பாக்க."

"என்னையா?" என்று சிரித்துவிட்டார். தர்ஷிகாவும் சேர்ந்து சிரித்தாள். இப்போது அவள் என் தோள் உயரம்.

பஸ்ஸில் வரும்போது அந்த ஒரு வருஷத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் ஒரு காலையிலிருந்து அடுத்த காலை வரைக்கும்தான் வாழப் பழகியிருந்தேன்.

டவுனுக்கு மேலே உள்ள வளைவில் இறங்கிவிடலாம் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அங்கேயிருந்து தேயிலைக்குள் ஒரு குறுக்குப் பாதை கடைக்கு இறங்குகிறது. இறங்கியதும் பையை என்னிடம் தந்துவிட்டு ஓடினாள். கொஞ்ச தூரம் தலை தெரிந்தது. பிறகு தேயிலைச் செடிகள் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. ரோட்டோரத்து மதகுக் கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மா, வாங்க. ஏன் இவ்வளவு லேட்டு?" கீழேயிருந்து சத்தம் கேட்டது.

"வாறேன்டி, வாறேன்."

எழும்பினேன். முழங்கால் இரண்டும் வலித்தது. அந்த மலையில் கூடையோடு ஏறி இறங்கின கால்கள். இவை எப்போது கிழடாயின என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக ஒரு உடம்பைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் கால் வைத்து, மெதுவாக இறங்கத் தொடங்கினேன்.